இணையம் அறுந்த காலையில்: கூகுள் ஷீட்ஸா, ஒன்டிரைவில் எக்செலா?

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊரில் உள்ள எங்கள் மீன் கம்பெனியின் எடைக்கணக்கை முதலில் கூகுள் ஷீட்ஸிலும், பிறகு மைக்ரோசாஃப்ட் 365-இன் எக்செலிலும் எழுதிப் பார்த்துவிட்டு, இப்போது எக்செலிலேயே நிலைத்துவிட்டோம். கூட்டல், பகிர்வு, அச்சு ஆகியவற்றில் இரண்டும் போதுமானவை. இலவசக் கணக்கில் கூகுள் 15 ஜிபி இடம் தருகிறது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் 5 ஜிபி தருகிறது. செலவை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கூகுளே சிக்கனம். எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று: இணையம் அறுந்து திரும்பும்போது பதிவு எங்கே நிற்கிறது என்பதைக் கொட்டகையில் இருக்கும் கணக்கப்பிள்ளையே கண்டுகொள்ள முடிகிறதா என்பது.

விசைப்படகுகள் கரை சேரும் விடியற்காலையில்தான் எங்கள் வேலையெல்லாம் குவிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் அந்த நேரத்திலேயே போய்விடும். அப்படி ஒருநாள் அணைந்துபோன மடிக்கணினியை மீண்டும் இயக்கியபோது ஷீட்ஸ் திறக்கவில்லை. தவறு எங்களுடையதுதான். இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்வதற்கான அமைப்பை, இணையம் இருக்கும்போதே குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் இயக்கி வைத்திருக்க வேண்டும். அதைச் செய்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீராதது இன்னொன்று. இணைப்பு இல்லாதபோது ஒரே கட்டத்தில் கணவாய் எடையை நான் 42 என்றும் கணக்கப்பிள்ளை 24 என்றும் எழுதினால், இணைப்பு வந்ததும் ஷீட்ஸில் ஓர் எண்தான் நிற்கும். கட்டத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தால் மற்றதும் தெரியும் என்பது உண்மை. ஆனால் சந்தேகம் வந்தால்தானே ஒருவர் அதைத் திறப்பார்? படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் பணம் எண்ணிக் கொடுத்த பிறகு வரும் சந்தேகத்தால் பயனில்லை.

ஒன்டிரைவில் கோப்பின் பக்கத்திலேயே நிலை தெரிகிறது. நீல மேகம் இருந்தால் கோப்பு இணையத்தில் மட்டும் உள்ளது, இணைப்பின்றித் திறக்காது. நிறைந்த பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால் அது எப்போதும் கணினியிலேயே இருக்கும். அம்புகள் சுற்றினால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருந்தால் ஏறவில்லை. கணக்குக் கோப்பைப் பச்சை வட்டத்துக்கு மாற்றி வைப்பதுதான் நாங்கள் முதலில் செய்த வேலை. இருவரின் திருத்தங்களை ஒன்றாக்க முடியாதபோது, கணினியின் பெயரை வாலாகச் சேர்த்து இரண்டாவது பிரதி ஒன்று கோப்புறையில் வந்து நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுவது சலிப்பான வேலைதான். ஆயினும் மோதல் நடந்தது என்பது மறையாமல் கண்முன் கிடக்கிறது. கொட்டகைக் கணினிக்கு ‘கொட்டகை’ என்றே பெயர் மாற்றி வைத்திருப்பதால், எந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நாங்கள் இருவர்தாம் எழுதுகிறோம். பத்துப் பேர் ஒரே தாளில் எழுதும் அலுவலகத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அங்கே ஷீட்ஸ் எளிதாக இருக்கலாம்.

எக்செலை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தாவைச் சரிபார்க்க 30 நாளுக்குள் ஒருமுறையாவது அது இணையத்தைத் தொட வேண்டும். இல்லையெனில் படிக்கலாம், அச்செடுக்கலாம், திருத்த முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மடிக்கணினி மூடியே கிடக்கும் என்பதால், இருபது நாளுக்கு ஒருமுறை கைபேசி இணையத்தில் இணைத்து எக்செலைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறோம்.