பழைய சர்ச்சில் தங்க புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் விடுமுறைக்குப் போகிறீர்களா? 'பழைய சர்ச்சை வீடாக மாற்றியிருக்கிறோம்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் பணம் கட்டும் முன் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் குடும்பத்தை இப்படித்தான் ஏமாற்றினார்கள்.

'இடைக்காலத் தேவாலயம், முழுக்க உங்களுக்கே' என்று போட்டிருந்தார்கள். படங்களில் உயரமான மரக்கூரை, வண்ணக் கண்ணாடி சன்னல்கள், அவற்றின் கீழே நீளமான சாப்பாட்டு மேசை. அம்மா அந்த சன்னல்களைப் பார்த்துத்தான் இந்த இடத்தையே கேட்டார்.

போய் இறங்கினால் எங்களுக்குத் தந்த சாவி பின்கதவுக்கு. ஞாயிறு பள்ளி நடத்த ஒட்டிக் கட்டிய கூடம்தான் எங்கள் பங்கு. படத்தில் இருந்த பெரிய கூடத்தில் வேறொரு குடும்பம் தங்கியிருந்தது. அதைத் தனியாக வாடகைக்கு விடுகிறார்களாம். முன்வாசலுக்கு மேலே கல்லில் 'பிரிமிட்டிவ் மெத்தடிஸ்ட்' என்றும் 1868 என்றும் பளிச்சென்று செதுக்கியிருந்தது. மெத்தடிஸம் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ இயக்கமே 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி காலத்தில் தொடங்கியது. அப்புறம் இடைக்காலத்தில், அதாவது சுமார் 1500-க்கு முன்பே, மெத்தடிஸ்ட் சேப்பல் (சிறிய தேவாலயம்) எங்கிருந்து வரும்? 1932-ல் மூன்று மெத்தடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாக இணைந்தன. ஒரே ஊரில் இரண்டு மூன்று சேப்பல் தேவைப்படாமல் போய், நிறையவற்றை மூடி விற்றுவிட்டார்கள். வீடாக மாறியவை பல இப்படி வந்தவை. அழகான கட்டடங்கள்தான், பொய் சொல்லி விற்க வேண்டிய அவசியமே இல்லை.

படுக்கை, பாதி உயரத்தில் பலகை அடித்த மேல்தளத்தில். ஏறுவதற்கு ஏணி போலச் செங்குத்தான படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. முழங்கால் வலி உள்ள அம்மா கீழே சோபாவில் படுத்தார். கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி சன்னல். இருந்த ஒரே மின் ஹீட்டரின் சூடெல்லாம் கூரைக்குப் போய்விட்டது. விடிய விடிய கோட்டைப் போட்டுக்கொண்டே கிடந்தோம்.

உரிமையாளருக்கு போன் செய்தால், 'இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஹீட்டிங் போட அனுமதி கிடையாது' என்றார். இதை நம்பாதீர்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை. கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சன்னலைத் தொடாமல் உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்துவது அங்கே வழக்கமாகச் செய்வது.

ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் அடங்கிய பாரம்பரியப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த சேப்பல் அதில் இருந்தால், எந்தக் காலத்தில் கட்டியது, எந்தப் பாதுகாப்புத் தரம் என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். உரிமையாளரிடம் எழுத்திலேயே கேளுங்கள்: படத்தில் உள்ள கூடம் எங்களுக்கா, வேறு யாரும் தங்குவார்களா, படுக்கைக்கு எப்படி ஏறுவது, ஹீட்டர் எத்தனை. வளாகத்தில் கல்லறைகள் இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள். கட்டடத்தை விற்ற பிறகும் உறவினர்கள் அங்கே வந்துபோகும் உரிமை பெரும்பாலும் தொடரும். நம் சன்னலுக்கு வெளியே யாராவது பூ வைத்து அழுதுகொண்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து சிரித்துப் பேச மனசு வராது.

கடைசிப் பக்கத்தில் திடீரென்று சுத்தம் செய்யும் கட்டணம் முளைத்தால் விடாதீர்கள். கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது இப்போது அங்கே சட்டம்.

பணம் திரும்பக் கேட்டதற்கு உரிமையாளர் 'அடுத்த முறை தள்ளுபடி தருகிறேன்' என்கிறார். பிரிட்டன் கிரெடிட் கார்டில் நேரடியாக அவருக்கே கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை உள்ள தொகைக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவில் வங்கியிடமே கேட்கலாம். நடுவில் புக்கிங் தளம் பணத்தை வாங்கியிருந்தால் இது செல்லாமல் போக வாய்ப்புண்டு. எங்கள் விஷயம் அப்படித்தான் என்பதால் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை) கேட்டு, கல்லில் இருந்த 1868-ஐயும் பூட்டிய முன்கதவையும் படமாக இணைத்து அனுப்பியிருக்கிறோம்.