சொரசொரப்பா, நுண்துளையா, கால்சியப் பூச்சா?

சிமெண்ட் இல்லாமல் தொடையெலும்புக்குள் இறுக்கிச் செருகப்படும் செயற்கை இடுப்பு மூட்டின் தண்டு நிலைப்பதற்கு, உலோகத்தோடு அதன் மேற்பரப்பும் கைகொடுக்க வேண்டும்.

மிக எளிய வழி, டைட்டானியத்தின் மீது கொரண்டம் எனும் மிகக் கடினமான அலுமினியம் ஆக்சைடுத் துகள்களை வேகமாக மோதவிட்டு அதைச் சொரசொரப்பாக்குவது. விரலால் தடவினால் உப்புத்தாளைப் போல இருக்கும் இந்தப் பரப்பின் மேல் எலும்பு நேரடியாகப் படிந்து வளர்கிறது. பரப்பில் சில துகள்கள் பதிந்து தங்கிவிடுவது இதன் குறை.

நுண்துளைப் பரப்பில் எலும்பு உள்ளேயே புகுந்து வளரும். சிறு உலோக மணிகளைச் சூளையில் சுட்டு ஒட்டவைத்து, 100 முதல் 400 மைக்ரோமீட்டர் வரையிலான துளைகளை உருவாக்குகிறார்கள். பிடிப்பு வலுவானதுதான், ஆனால் தொடக்க வாரங்களில் தண்டு சுமார் 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைந்தால், துளைகளில் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் நிரம்பும். மேலும், சூளையின் வெப்பமும் மணிகள் ஒட்டிய இடங்களில் குவியும் தகைவும் (உள்விசையும்) டைட்டானியத்தின் களைப்பு வலிமையை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையை முறியாமல் தாங்கும் திறனை, குறைக்கின்றன. அடிவரை பூசிய தண்டு சுமையைக் கீழே கடத்திவிடுவதால் மேற்பகுதி எலும்பு மெலிவதும் உண்டு. மறு அறுவையில் அதைப் பிடுங்கியெடுப்பது பெரும்பாடு.

எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியச் சேர்மமான ஹைட்ராக்ஸிஅபடைட்டைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கித் தெளிப்பது மூன்றாவது வழி. உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் எலும்பு அதைத் தாண்டி வந்து சேர இது உதவுவதால், முதல் சில மாதங்களில் இதற்கு நிகராக மற்ற இரண்டையும் சொல்ல மாட்டேன். ஆனால் சுடரின் வெப்பத்தில் படிக அமைப்பை இழந்த பகுதி உடலில் விரைவாகக் கரைகிறது. பூச்சின் ஒட்டுறுதி 15 மெகாபாஸ்கலுக்குக் குறையக்கூடாது என்று ஐஎஸ்ஓ 13779-2 தரநிலை வரையறுத்தாலும், பூச்சு கரைந்த பிறகு எலும்பு எதைப் பற்றிக்கொள்ளும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வழவழப்பான உலோகத்தின் மேல் இதைப் பூசிய இடுப்புக் கிண்ணங்கள் (செயற்கை மூட்டில் இடுப்பெலும்புப் பக்கம் பொருத்தும் குழிப்பகுதிகள்) பல, பிற்பாடு தளர்ந்தது இதனால்தான். ஆகவே இதைத் தனித் தீர்வாக அல்லாமல், சொரசொரப்பான அல்லது துளையுள்ள பரப்பின் மேல் இடும் துணைப்பூச்சாகவே நான் மதிப்பேன்.

எலும்பு முறிவுக்குப் பொருத்தும் தகடுகளில் கணக்கு தலைகீழாகிறது. எலும்பு கூடியபின் கழற்ற நேரலாம் என்பதால், அங்கே எலும்பு இறுகப் பற்றிக்கொள்வதே தொல்லை. கழற்றும்போது திருகுகளின் தலை தேய்ந்து வழுக்கும், சிலவேளை திருகே முறியும். மணிக்கட்டுப் பகுதியில் தசைநாண்கள் தகட்டை உரசியபடி நகர்வதால், அங்கு மெருகேற்றிய வழவழப்பான பரப்பே ஏற்றது.