விக்கெட் காப்புக்கு எந்தக் கிளவுஸ்: தடித்ததா, மெல்லியதா, கனடாவில் இருந்து வந்ததா?

கடினப்பந்துக்கு முதன்முதலாக விக்கெட் காப்பில் நிற்கப்போகும் பிள்ளைக்குச் சாமான் எடுக்கும்போது முக்கால்வாசிக் காசு துடுப்புக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் கிளவுஸ். இது தலைகீழ். துடுப்பெடுத்தால் நாலு பந்தோடு ஆட்டமிழந்து வந்துவிடலாம். காப்பில் நின்றால் 50 ஓவர் போட்டியில் 300 பந்துக்கும் குந்தி எழும்பியே ஆகவேண்டும். அந்தப் பந்து 156 முதல் 163 கிராம் வரை நிறை. ஆகவே நல்ல காசைக் கிளவுஸுக்கு ஒதுக்குங்கள். எதை எடுப்பது என்பதைப் பார்ப்போம்.

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் முதலில் கையில் தருவது ரெக்சின் போர்த்து, உள்ளே ஸ்பொஞ்ச் தடிப்பாக வைத்த மலிவு ரகம். 'கை நோகாது' என்று தகப்பன்மார் விரும்பி எடுப்பதும் இதைத்தான். நோகாது, உண்மை. ஆனால் விறைத்த கிளவுஸில் பந்து தங்காது, பட்டுத் தெறிக்கும். மற்றிங் விக்கெட்டில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில், பந்து எழும்பி நெஞ்சு உயரத்துக்கு வரும்போது விரல்களைச் சட்டென்று மேல்நோக்கித் திருப்ப வேண்டும். தடித்த மணிக்கட்டுப் பகுதி அதற்கு விடாது. பந்து விரல் நுனியில் படும், பிடியும் போகும், விரலும் வீங்கும்.

அடுத்தது தோல் கிளவுஸ். இந்தியாவின் மீரட்டில் இருந்து வரும் எஸ்.ஜி., எஸ்.எஸ். போன்ற கொம்பனிகளின் கிளவுஸில் இந்த ரகம் உண்டு. விலை மலிவு ரகத்தைப் போல் சில மடங்கு. உள்ளங்கை றப்பர் மெல்லிசு, தோல் இளக்கம், பஞ்சு குறைவு. வேகப்பந்துக்கு முதல் சில கிழமை கை சிவக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது இதன் அருமை தெரியும். முரளிதரனின் பந்துக்கு இலங்கை விக்கெட் காப்பாளர் பிரசன்ன ஜயவர்தன நின்ற நிற்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் கைதான் கண். பந்து விழுந்ததை உள்ளங்கை உணர்ந்தால்தான் அடுத்த நொடியில் ஸ்டம்பின் மேலிருக்கும் பெயில்ஸ் பறக்கும். என் தெரிவு இதுதான். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உச்ச விலைக் கிளவுஸ் வேண்டாம். தோல் உள்ளங்கையும் நடுத்தரத் தடிப்பும் உள்ளது போதும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். "அண்ணை, இன்னர் போட்டுப் பார்க்கலாமோ?" என்று கேளுங்கள். இன்னர் என்பது கிளவுஸுக்குள் போடும் மெல்லிய உள்ளுறை, அது இல்லாமல் அளவு பார்த்தால் பிறகு இறுகும். இரண்டு கையையும் போட்டு, சுண்டுவிரல்கள் சேர, தண்ணீர் ஏந்துவது போல் குவிக்கச் சொல்லுங்கள். நடுவில் மடிப்பு விழுந்து குழி தானாக வரவேண்டும். பிள்ளை பலம்போட்டு மடக்கவேண்டி வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெருவிரல் நுனியை அழுத்திப் பாருங்கள், உள்ளே இருக்கும் கெட்டித் தொப்பி அசையக்கூடாது. றப்பரில் உள்ள சின்னப் புள்ளிகளின்மேல் நகத்தால் உரசினால் பிடிப்புத் தெரியும். வழுக்கினால் அது கடைக் கண்ணாடிக்குள் வெயில் பட்டுக் கிடந்த பழைய சரக்கு. 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுப்பம்' என்ற கணக்குச் சப்பாத்துக்குச் சரி, கிளவுஸுக்குச் சரிவராது.

இனி வெளிநாட்டுப் பெட்டி. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மாமா நல்ல தோலில் செய்த பேஸ்போல் கிளவுஸ் ஒன்றை அனுப்பிவிட்டார் என்றால், தோலின் தரத்தில் இங்கே கிடைப்பது எதுவும் அதற்குக் கிட்ட நிற்காது. ஆனால் அது ஒற்றைக் கைக்கானது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள ஆழமான வலைப்பையில் பந்து போய் மாட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. கிரிக்கெட் விதி 27 அந்த இடத்தில் ஒரே ஒரு தட்டையான, இழுபடாத துண்டை மட்டும் அனுமதிக்கிறது. அதன் மேல்விளிம்பு சுட்டுவிரல் நுனியையும் பெருவிரல் நுனியையும் இணைக்கும் நேர்கோட்டைத் தாண்டக்கூடாது. ஆகவே போட்டியில் அதற்கு இடமில்லை. பயிற்சியாளருக்குக் கொடுங்கள், களத்தடுப்புப் பயிற்சியில் நாற்பது பெடியள் எறிவதை வாங்கி அவர் கை படும் பாடு குறையும்.

தோல் கிளவுஸ் எடுத்தபின் காசு மிஞ்சினால் இன்னர் இரண்டு சோடி வாங்குங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் பகல் உணவுக்கு முன்பே ஒன்று நனைந்துவிடும், நனைந்த பருத்திக்குள் கை வழுக்கும். ஷமாய் என்னும் மெத்தென்ற தோலில் செய்த இன்னர் கிடைத்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் ஈரமாக்கியே போடலாம். விளையாடி முடிந்ததும் றப்பரை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். மோட்டார்சைக்கிள் சீட்டில் வெயிலில் வைத்தால் அந்த றப்பர் ஒரு பருவம்கூடத் தாங்காது.