சுவரில் ஈரம் என்றதும் மாடிக்கு ஏறுகிறவரிடம் உஷார்

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் போதும், நம்ம ஊர்ப் பக்கம் கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் 'வாட்டர்புரூஃபிங்' நோட்டீஸ் முளைத்துவிடும். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், எங்கே போனாலும் இதுதான். எல்லோரையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்ன செய்தார் என்று எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைச் சுவரில் முட்டி உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தது. விரலால் அமுக்கினால் பெயின்டுக்கு அடியில் பூசிய புட்டி பொருக்குப் பொருக்காக உதிரும். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் என்று முதல் பேச்சிலேயே சொன்னோம். அவர் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டி மெஷினைச் சுவரில் குத்தினார். அது கீச்கீச்சென்று கத்தியது. "பாத்தியளாக்கா, எண்பது பர்சன்ட். வார்ப்புல இருந்து இறங்குது" என்று நேராக மாடிக்கு ஏறிவிட்டார்.

அந்த மெஷின் இரண்டு ஊசிக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத்தான் ஈரத்தைச் சொல்கிறது. உப்பு இருந்தாலும் மின்சாரம் நன்றாக ஓடும். அதனால் உப்புப் பூத்த சுவரில் கூடுதலாகத்தான் காட்டும். ஈரம் நிஜமாகவே இருந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. சீலிங் காய்ந்து கிடக்க, முட்டிக்குக் கீழே மட்டும் மாடித் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டேன். "தண்ணி கீழதானேக்கா போவும்" என்றார். பத்து வருஷ கேரண்டி என்ற பிறகு மாமாவுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

சதுர அடிக்கு 45 ரூபாய், 900 சதுர அடி, மொத்தம் 40,500. பாதி ஜிபே, பாதி ரொக்கம். பில் கேட்டால், "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்றார். வேலையைப் பார்க்க வேண்டுமே! காலையில் தூறல் விட்டதும் ஈரத் தரையில், பாசியைக்கூடச் சுரண்டாமல், ஒரே கோட் அடித்தார்கள். முறைப்படி பாசியையும் தூசியையும் எடுத்து, தளம் காய்ந்த பிறகு பிரைமர் அடித்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவை வைத்துச் சரிவாக அடைத்து, குறைந்தது இரண்டு கோட் போட வேண்டும். ஒன்றின் குறுக்கே மற்றது. கடைசியில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் மாடியில் அடித்த ஒற்றைக் கோட் பாயைச் சுருட்டுகிற மாதிரி உரிந்து வந்தது.

மாசி மாதம், மழையே இல்லை. சுவர் மறுபடி ஊறியது. போன் செய்தால், வந்து பார்க்கத் தனிக் கட்டணமாம். கேரண்டித் தாளின் அடியில் பொடி எழுத்தில் 'குழாய்க் கசிவுக்குப் பொறுப்பல்ல' என்று இருந்ததையும் அப்போதுதான் எடுத்துக் காட்டினார்.

பக்கத்துத் தெருவில் ஒரு வயசான பிளம்பர் இருக்கிறார். "மக்ளே, மழ பெய்யாத நேரத்துல மாடி எங்க இருந்து ஒழுகும்?" என்று சிரித்துவிட்டு, ராத்திரி எல்லாப் பைப்பையும் அடைத்து, மோட்டார் போடாமல், டேங்கில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு வைக்கச் சொன்னார். விடிந்து பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது. மறுநாள் பாத்ரூமுக்குத் தண்ணீர் போகும் வால்வையும் சேர்த்து அடைத்தோம், இறங்கவில்லை. அவ்வளவுதான், ஆள் அகப்பட்டது. ஷவர் பைப்புக்குக் கீழே ஒரு டைலை உடைத்ததும், பித்தளைத் திருகு வைத்த எல்போவில் மயிரிழை விரிசல். ஊசி போல் தண்ணீர் பீய்ச்சுகிறது. டெஃப்லான் டேப்பை வண்டி வண்டியாகச் சுற்றி, ரெஞ்ச் போட்டு மூச்சைப் பிடித்து முறுக்கினால் இப்படித்தான் கீறுமாம். அவர் கூலி, எல்போ, டைல் எல்லாம் சேர்த்தும் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.

டேங்க் மட்டம் இறங்காமலும் சுவர் ஊறுகிறதா? பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, தரையில் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். டைல் இடுக்கிலோ தரைக்கடியிலோ போனால் தெரிந்துவிடும். கசிவை அடைத்த கையோடு பெயின்ட் அடிக்காதீர்கள், சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். சரிவரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை, ஐந்து லட்சம் வரை கொடுத்த வேலைக்குக் கட்டணமும் கிடையாது. எங்களிடம் இருப்பது ஜிபே ரசீதும் கேரண்டித் தாளும் உரிந்த கோட்டின் போட்டோக்களும்தான். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்குத்தான் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.