ஃப்யூஸைப் பிடுங்கவா, ஆப்பை அணைக்கவா?

போன மாதம் பொள்ளாச்சிச் சந்தைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, திருப்பூரில் எனக்குக் கார் விற்றவர் போன் செய்தார். "ஏனுங்க, பொள்ளாச்சிக்குங்களா போயிருக்கறீங்க? வண்டி அங்க நிக்குதுன்னு காட்டுதுங்க." ஆர்சி பேர் மாறி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் போனில் கார் கம்பெனியின் ஆப் மட்டும் அப்படியே கிடந்திருக்கிறது. நல்ல மனுஷன், கூப்பிட்டுச் சொன்னார். சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்திருந்தால்?

2019இல் வெனியூ, ஹெக்டர், செல்டோஸ் வந்த கையோடு நம்மூர்க் கார்களிலும் சிம் ஏறிவிட்டது. கம்பெனியே உள்ளே பதித்து அனுப்புகிற சிம் அது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், பிரேக்கை எப்படி மிதிக்கிறோம் என்பதெல்லாம் அதன் வழியாகப் போகலாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கிற மொஸில்லா அறக்கட்டளை 2023இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை அலசியது, ஒன்றுகூடத் தேறவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஓட்டுநர்களின் விவரத்தைத் தரகு நிறுவனங்களுக்குக் கொடுக்க, அது இன்சூரன்ஸ் பிரீமியம் வரை போனது 2024இல் வெளியே வந்தது. இங்கேயும் ஓட்டும் விதத்தைப் பார்த்து பிரீமியம் போடும் திட்டங்களுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022லேயே அனுமதி கொடுத்துவிட்டது.

சரி, எப்படி நிறுத்துவது?

சுலபமானது ஆப்பிலும் திரையிலும் இருக்கிற அனுமதிகளை அணைப்பது. ரெண்டு நிமிஷ வேலை, வாரண்டிக்கும் ஆபத்தில்லை. ஆனால் ஆப்பை போனிலிருந்து அழித்துவிட்டால் கார் வாயை மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆப் வெறும் ஜன்னல்தான். சிம் இருக்கிற பெட்டி வண்டிக்குள் இருக்கிறது. திரையை ரீசெட் செய்தால் பழைய ஓனரின் புளூடூத் காண்டாக்ட்கள் போகும். என் காரில் அவருடைய சம்பந்தி நம்பர் வரைக்கும் இருந்தது. ஆனால் கம்பெனி சர்வரில் அவர் பெயரில் இருக்கிற கணக்கு அதனால் போகாது, அவரே காரை நீக்க வேண்டும்.

அடுத்தது, அந்த சிம் வழியாக ஓடுகிற கனெக்டட் சேவையே வேண்டாம் என்று கம்பெனிக்கு மெயில் போடுவது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற உரிமை தருகிறது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டுமாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகள் முழுதாகக் கட்டுப்பட 18 மாத அவகாசம். அதனால் இப்போதைக்கு கஸ்டமர் கேரில் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கும். ஆபத்தில் உதவிக்குக் கூப்பிடும் எஸ்ஓஎஸ் பட்டன், திருடு போனால் வண்டியைத் தேடும் வசதி, வெயிலில் நிற்கும் காருக்குத் தூரத்திலிருந்தே ஏசி போடுவது எல்லாம் கூடவே போய்விடும். சித்திரையில் கரூரில் கார் நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது, யூட்யூப் வீரர்கள் சொல்வது: சிம் இருக்கிற டெலிமேட்டிக்ஸ் பெட்டியின் ஃப்யூஸைப் பிடுங்குவது. ஈரோட்டில் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் போனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, மூடியின் பின்னால் இருந்த படத்தை விரலால் தேடினார். "அண்ணா, எடுத்துக் குடுக்கறேனுங்க. ஆனா இதே லைன்ல வேற என்னென்ன ஓடுதுன்னு பாக்கோணும்." இழுத்தார். திரை உயிரோடுதான் இருந்தது. காரின் புளூடூத்தில் இணைத்திருந்த என் போனிலிருந்து எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அவர் பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. காரின் மைக்கும் அதே பெட்டி வழியாகத்தான் போகிறதாம். வெளிநாட்டு டொயோட்டாக்காரர்களும் இதே புலம்பலைப் புலம்பியிருக்கிறார்கள். அது போக, வாரண்டி இருக்கிற வண்டியில் வயரிங் பக்கம் கை வைத்தது தெரிந்தால் சர்வீஸில் தேவையில்லாத கேள்வி வரும். "மாட்டிரட்டுங்களா?" என்றார். மாட்டச் சொன்னேன்.

சிம்மே இல்லாத கீழ் வேரியண்ட் வாங்குவது நாலாவது. புதுசாக வாங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது, காசும் மிச்சம்.

என் கணக்கில் ரெண்டாவது வழிதான் முன்னால் நிற்கிறது. செகண்ட்ஸ் கார் என்றால் அதற்கு முன்னால் ஒரு வேலை: பணம் கைமாறும்போதே, விற்பவரை உங்கள் கண் முன்னால் ஆப்பிலிருந்து காரை நீக்கச் சொல்லுங்கள். ஃப்யூஸைப் பிடுங்குவது, வாரண்டி முடிந்த வண்டிக்கு, மைக் இல்லாமல் இருக்க முடிகிறவர்களுக்கு.

இத்தனையும் செய்துவிட்டு சேலத்துக்குக் கிளம்பினால் விஜயமங்கலம், வைகுந்தம் டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக் நேரத்தைக் குறித்துக்கொள்ளத்தான் போகிறது. ஆனால் அந்த மெசேஜ் வருவது என் போனுக்கு. திருப்பூர்க்காரருக்கு இல்லை.