ஸ்டுடியோ கவுண்டரில் லோக்கல்சென்ட்

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், அப்புறம் இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டுக் கொடுப்பது. இந்தக் கடைசி வேலைக்காகத்தான் லோக்கல்சென்ட் (LocalSend) என்ற, படம் அனுப்பும் ஆப் பற்றி எழுதுகிறேன்.

பதினாறாம் நாளுக்கு முன்னால் வருவார்கள். "அப்பா படம் போன்ல இருக்குண்ணே, அனுப்பி விடவா?" என்பார்கள். சாட் ஆப் வழியாக நாலு கை மாறி வந்த படம் சுருங்கிப்போயிருக்கும். அதை 12-க்கு 18 இஞ்சில் போட்டால் கண் இருக்கும், பார்வை இருக்காது.

போன மாதம் வந்த தம்பியிடம், சாட் ஆப்பில் வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் போனில் லோக்கல்சென்டை இறக்கி அதே படத்தை மறுபடி அனுப்பச் சொன்னேன். முதலில் வந்தது 180 கேபி. இரண்டாவது 4 எம்பி. இரண்டையும் மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். இரண்டாவதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குள் வாசலும், வாசலில் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் ஆளும் தெரிந்தது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது நாந்தாண்ணே" என்றார். கிளம்பும் முன் கூட வந்த அக்கா போனிலும் அந்த ஆப்பை ஏற்றிவிட்டுத்தான் போனார்.

ஆப் செய்வது இவ்வளவுதான்: ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. இன்டர்நெட் வேண்டாம், லாகின் இல்லை, விளம்பரம் இல்லை, காசும் இல்லை. மூலநிரல் திறந்தே கிடக்கிறது (ஓப்பன் சோர்ஸ்), யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஐபோனின் ஏர்டிராப்பும் ஆண்ட்ராய்டின் குவிக் ஷேரும் நல்லவைதான். ஆனால் என் கவுண்டருக்கு எந்த போன் வரும் என்று காலையில் எனக்குத் தெரியாது.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். மற்ற ஸ்டுடியோக்காரர்களிடம் "ஓப்பன் சோர்ஸ்" என்று ஆரம்பித்தேன், யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இதுவும் ஷேர்இட் மாதிரியா?" நியாயமான கேள்வி. 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 ஆப்களில் ஷேர்இட்டும் ஸெண்டரும் (Xender) இருந்தன. அதிலிருந்து படம் அனுப்பும் ஆப் என்றாலே பயம். அதனால் இப்போது வாயால் எதுவும் சொல்வதில்லை. மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்கிறேன், ரவுட்டரிலிருந்து இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கி விடுகிறேன். அப்புறம் அனுப்பச் சொல்கிறேன். படம் வந்து நிற்கும். வெளியே போக வழியே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தபின் யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. போகிற வழியிலும் மறையாக்கம் உண்டு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாது, அதைக் கேட்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றியதும் ஓர் அடைமொழியும் ஒரு பழத்தின் பெயரும் சேர்த்துத் தானாகவே கருவிக்குப் பெயர் வைத்துக்கொள்ளும், முதல் வேலையாக செட்டிங்ஸில் அதைக் கடைப் பெயராக மாற்றி வையுங்கள், இல்லையென்றால் வாடிக்கையாளர் குழம்புவார். ஐபோனில் அனுப்பும்போது வேறு ஆப்புக்குத் தாவக் கூடாது. ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டரில் ஏபி ஐசோலேஷன் (ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் செட்டிங்) போட்டிருக்கும், அல்லது விண்டோஸ் உங்கள் வைஃபையை 'பப்ளிக்' என்று வைத்து சிஸ்டத்தை மற்ற கருவிகளுக்கு மறைத்திருக்கும். முதல் இரண்டு நாள் நான் இதிலேயே மாட்டிக்கொண்டேன். ரவுட்டரைத் தொட மனமில்லையா, வந்தவரின் ஹாட்ஸ்பாட்டில் சிஸ்டத்தை இணைத்தாலும் போதும்.

ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் கோவில்பட்டிப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். உங்கள் போனிலேயே செய்து காட்டுகிறேன்.