டி5: முடிக்குப் பட்டு, தரைக்கு எமன்

ஹேர் சீரம் செய்து விற்கலாம் என்று இறங்கியிருக்கும் ஒரு தோழி கேட்டாள்: "அக்கா, சைக்ளோபென்டாசிலோக்சேன் அஞ்சு லிட்டர் கேன் விலை இறங்கியிருக்கு. வாங்கிப் போட்டுடவா? ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

பல வருஷமாக அந்தச் சிலிக்கோன் திரவத்தோடுதான் (சுருக்கமாக டி5) குடித்தனம் நடத்துகிறேன். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனையே கிடையாது. உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டால் தேய்க்காமலே விரலிடுக்கு வரை ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். ஆல்கஹால் போல ஜில்லென்று தோலை இழுக்காது. தேங்காய் எண்ணெய்ப் பிசுக்குக்குப் பழகிய கைக்கு இது நிஜமாகவே அதிசயம். தோலில் அரிப்போ எரிச்சலோ எனக்கோ என்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கோ வந்ததில்லை. வெளிநாட்டில் இதையே டிரை கிளீனிங் கடைகளில் பட்டுத்துணி வெளுக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

அந்த ஓடும் குணம்தான் என் உயிரை வாங்குகிறது. தலைமுடியில் எது வரமோ, டைல்ஸ் தரையில் அதுவே சாபம்.

சுத்தமான டி5 சிந்தினால்கூடப் பரவாயில்லை. பழைய துணியில் ஒற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தால் மிச்சம் தானே பறந்துவிடும். சீரத்துக்கு நாம் வாங்குவது பெரும்பாலும் டைமெத்திக்கோனால் (dimethiconol) என்ற பசை மாதிரியான சிலிக்கோன் கலந்த தேன்பதக் கலவை. அதில் டி5 பறந்துபோக, பசை மட்டும் தரையில் தங்கும். அதாவது, சிந்திய உடனே இருந்ததைவிடச் சாயங்காலம் இன்னும் மோசமாக வழுக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மினுமினுப்பு தெரியும். ஒருமுறை கூரியரில் வந்த கேனின் மூடி இடுக்கில் கசிந்து, அட்டைப்பெட்டி வழியாக வாசற்படி வரை வந்துவிட்டது. உதவிக்கு இருந்த பெண் அதில் கால் வைத்து, மேசையைப் பிடித்ததால் இடுப்பு தப்பியது. விற்றவரைக் கேட்டால், "மேடம், அது நான்-டாக்சிக்தான்" என்கிறார். விழுந்து எலும்பு முறிந்தால் நான்-டாக்சிக்காகத்தான் முறியுமா?

தண்ணீர் ஊற்றித் துடைப்பது வீண், இன்னும் பரப்பிவிடும். முதலில் மரத்தூளையோ மணலையோ கொட்டி உறிஞ்ச விட்டு அள்ள வேண்டும். அப்புறம் துணியில் கொஞ்சம் சுத்த டி5 நனைத்துத் துடைத்தால் ஒட்டியிருக்கும் பசை கரைந்து வரும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் லிக்விடும் சுடுதண்ணீரும். அந்தத் துடைப்பத்தையும் மாப்பையும் வேறு அறைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் வழுக்கும். தனியாக வையுங்கள். பக்கத்தில் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை: சிலிக்கோன் துளி பட்ட தகட்டில் பெயின்ட் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும். அவர்களிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

தீ விஷயத்தில் நிறையப் பேர் அலட்சியம். பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்காது, உண்மைதான். ஆனால் இதன் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பக்கத்தில் நெருப்பு இருந்தால் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு, 75 டிகிரி செல்சியஸை ஒட்டி வருகிறது. நாம் க்ரீம் செய்யும்போது எண்ணெய்ப் பகுதியைச் சூடாக்குவதும் 70, 75 டிகிரிக்குத்தானே? மெழுகோடு சேர்த்து டி5-ஐயும் அடுப்பில் ஏற்றினால், கேஸ் நெருப்புக்குப் பக்கத்தில் ஆவியைக் கிளப்புகிறோம் என்று அர்த்தம். எல்லாம் கலந்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு ஊற்றுங்கள். பொருளும் பறந்து வீணாகாது. "சிலிக்கோன் வேண்டாம், ஐசோடோடெக்கேன் இயற்கையானது" என்று ஒருவர் தள்ளிவிடப் பார்த்தார். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, தீப்பற்றும் வெப்பநிலை இதைவிடக் குறைவு. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பேக்கிங் செய்ய வாங்கிய சிலிக்கோன் கரண்டியால் கலக்காதீர்கள். ஊறி, உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். பம்ப் பாட்டிலில் சிலிக்கோன் வாஷர் இருந்தாலும் இதே கதை: முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு கசியும், வாடிக்கையாளர் நம்மைத் திட்டுவார். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஸ்ப்ரேயாக அடிக்க வேண்டாம். நுண்துளியாக நெஞ்சுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை இது.

இன்னொரு கேள்வியை விற்பவர்கள் காதில் வாங்குவதே இல்லை: இதில் டி4 எவ்வளவு? டி5 தயாரிக்கும்போது கூடவே கொஞ்சம் வரும், அதைவிடச் சின்ன வளைய மூலக்கூறு அது. கருவுறும் திறனைப் பாதிக்கலாம் என்ற சந்தேகப் பட்டியலில் ஐரோப்பா அதை வைத்திருக்கிறது, அழகுசாதனங்களில் தடையும் செய்திருக்கிறது. பாட்ச் வாரியாகச் சோதனைச் சான்று கேளுங்கள். எனக்கு ஒருவர் வேறொரு பொருளின் தாளை அனுப்பிவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

டி5-க்கும் ஐரோப்பாவில் கெடுபிடிதான். கழுவிவிடும் பொருள்களில் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கலாம் என்பது 2020 ஜனவரி 31 முடிந்ததும் அமலுக்கு வந்தது. சீரம் போலத் தலையிலேயே விடும் பொருள்களுக்கு 2027 ஜூன் 6 வரை கெடு. காரணம், தண்ணீரில் சேர்ந்தால் எளிதில் சிதையாது, உயிரினங்களில் சேரும். ஆகவே மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. கழிவுநீர் நிலையத்து வாயுவில் இஞ்சின் ஓட்டும் இடங்களில், இந்தச் சிலோக்சேன்கள் எரிந்து உள்ளே மணல் மாதிரிப் படிந்து இஞ்சினையே தின்றுவிடுகின்றன.

வாங்குகிறவர்களிடம் நான் சொல்லும் ஒரே எச்சரிக்கை ஸ்ட்ரெய்ட்னர் பற்றியது. டி5 கொதிப்பதே 210 டிகிரியில். அதே சூட்டில் கம்பியை வைத்து, மூடிய பாத்ரூமில் நின்று முடியை இழுத்தால், பறப்பது எங்கே போகும்? மூக்குக்குத்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

ஆக, தோழிக்குப் பதில்: பொருளுக்கு 5-க்கு 4 மார்க் தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் நீ வாங்காதே. உன் கலவை இடம் சமையலறை, மொசைக் தரை, மாமியார் வெறுங்காலோடு நடமாடும் வீடு, எட்டடியில் கேஸ் அடுப்பு. தனி அறை, கதவுக்கு வெளியே செருப்பு, உள்ளே ஒரு மூட்டை மரத்தூள், கையில் 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம், இதெல்லாம் ஆன பிறகு 1 லிட்டரில் தொடங்கு. விலை இறங்கியிருக்கிறதே என்று கேட்காதே.

எனக்கு வெள்ளிக்கிழமை அடுத்த கேன் வருகிறது. அந்த விலைக்கு விட மனசு வரவில்லை.